சுமை தூக்கிய பெண்கள் கட்டிய வங்கி



"அவ கெட்டிக்காரி. எப்படியும் சமாளிச்சிடுவா." இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வீட்டில் சமைத்து விற்கும் அன்ரி, மணப்பெண் அலங்காரம் செய்யும் அக்கா, பேஸ்மன்ரில் தையல் மெஷின் வைத்திருக்கும் அம்மா என்று யாருக்கு இடைஞ்சல் வந்தாலும் எங்கள் ஆட்கள் சொல்வது இதைத்தான். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். சமாளிப்பா, சரி. எதை வைத்து?

சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு இருக்கலாம். வேலை போனால் கொஞ்ச நாளைக்கு உதவித்தொகை கிடைக்கலாம். சொந்தமாகத் தொழில் செய்யும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்குக் கடை இல்லை, கடை இல்லாவிட்டால் காசு இல்லை. மழை, கலவரம், ஊரடங்கு, நோய், நிலநடுக்கம் எல்லாம் அவளுடைய வரவு செலவுக்குள் நேரே வந்து நிற்கும். இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் போய்ச் சேர்ந்த இடம் இந்தியாவின் அகமதாபாத். அங்கே ஏழைப் பெண்கள் சேர்ந்து ஐம்பது வருடமாக இதற்கு விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டிய வரலாறு இது. எங்களுடைய பாடப் புத்தகங்களில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு அட்டையில் தொடங்கிய கதை

குஜராத்தில் உள்ள அகமதாபாத் ஒரு காலத்தில் துணி ஆலைகளின் நகரம். 1918இல் காந்தி அங்கே ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை நடத்தினார். அவரோடு நின்றவர் அனசூயா சாராபாய். ஆலை முதலாளிகளின் குடும்பத்தில் பிறந்து தொழிலாளர் பக்கம் வந்த பெண் அவர். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1920இல் துணி ஆலைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1954இல் அதற்கு ஒரு பெண்கள் பிரிவும் வந்தது. ஆலைத் தொழிலாளரின் வீட்டுப் பெண்களுக்குத் தையலும் பின்னலும் பழக்குவதுதான் அதன் ஆரம்ப வேலை.

1955இல் இலா பட் என்ற இளம் வழக்கறிஞர் அந்தச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1968இல் பெண்கள் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆலைகள் மூடி ஆண்கள் வேலை இழந்த வீடுகளுக்குப் போனபோது அவர் ஒன்றைக் கவனித்தார். சம்பளம் நின்றும் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. பெண்கள் மரக்கறி விற்றார்கள், பழைய துணி வாங்கி விற்றார்கள், வீட்டிலிருந்து தைத்தார்கள், சுமை தூக்கினார்கள். ஆனால் எந்தக் கணக்கெடுப்பிலும் அவர்கள் தொழிலாளர்கள் இல்லை. எந்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடம் இல்லை.

1971இல் துணிச் சந்தையில் வண்டி இழுக்கும் பெண்கள் தங்குவதற்கு இடம் கேட்டு அந்தச் சங்கத்துக்கு வந்தார்கள். அவர்கள் தெருவோரத்தில் வாழ்ந்தவர்கள். அவர்கள் வழியாக, அதே சந்தையில் தலையில் துணிப் பொதி சுமக்கும் பெண்களின் கதையும் வெளியே வந்தது. பொதி எவ்வளவு பாரம், எவ்வளவு தூரம் என்ற கணக்கே இல்லாமல் ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை நடை நடந்தார்கள் என்று எழுதி வைப்பாரும் இல்லை. அதனால் அந்தக் கூலியும் பல நேரம் முழுதாகக் கைக்கு வராது.

இலா பட் இதைப் பத்திரிகையில் எழுதினார். துணி வியாபாரிகளுக்குக் கோபம். தாங்கள் நியாயமான கூலிதான் கொடுக்கிறோம் என்று அவர்களும் பத்திரிகையில் மறுப்பு எழுதினார்கள். அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வியாபாரிகள் கொடுப்பதாகச் சொன்ன கூலியைச் சங்கத்தின் பெண்கள் பிரிவு அட்டைகளில் அச்சடித்து, சுமை தூக்கும் பெண்களின் கையில் கொடுத்தது. இனி யாராவது குறைத்துக் கொடுத்தால் அட்டையைக் காட்டலாம்: நீங்களே சொன்ன கூலி இது.

அந்த டிசம்பரில் பழைய துணி வியாபாரம் செய்யும் பெண்கள் சுமார் நூறு பேர் கூடிய கூட்டத்தில், எங்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்ற பேச்சு வந்தது. அதற்கு வைத்த பெயர் 'சுயதொழில் பெண்கள் சங்கம்'. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சேவா' என்று வரும். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

பதிவு செய்யப் போனால் தொழிலாளர் துறை தயங்கியது. தொழிற்சங்கம் என்றால் முதலாளி வேண்டும். உங்களுக்கு முதலாளி யார்? யாரை எதிர்த்துச் சங்கம்? பெண்களின் பதில், சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்கு மட்டும் இல்லை, ஒன்றாக நிற்பதற்கும்தான் என்பது. கடைசியில் 1972 ஏப்ரலில் சேவா தொழிற்சங்கமாகப் பதிவானது.

முதலுக்கே மோசம்

தமிழில் 'முதலுக்கே மோசம்' என்று சொல்வார்கள். முதல் என்றால் ஒரு தொழிலைத் தொடங்கப் போடும் பணம். லாபம் வராதது மட்டும் இல்லை, போட்ட பணமும் போய்விட்டது என்று அர்த்தம். திடீர் இடைஞ்சல் ஒரு சிறு வியாபாரியை எப்படி விழுத்துகிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு சொற்கள் போதும்.

ஒரு மரக்கறி விற்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் 100 ரூபாவுக்குச் சரக்கு எடுத்து மாலைக்குள் 130 ரூபாவுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 ரூபாவில் வீட்டுச் செலவு, 100 ரூபா நாளைய சரக்குக்கு. மூன்று நாள் அடை மழை. விற்பனை இல்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் பசி இருக்கிறது. அந்த 100 ரூபாவை எடுத்துத்தான் சாப்பிட வேண்டும். நான்காம் நாள் வெயில் எறிக்கிறது. சந்தை திறக்கிறது. அவரிடம் சரக்கு எடுக்கக் காசு இல்லை. மழை போய்விட்டது, மழை கொண்டுவந்த நட்டம் போகவில்லை.

அப்போது வட்டிக்காரரிடம் போவார். காலையில் 100 வாங்கினால் மாலையில் 110 கட்ட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து சதவீதம். அவருடைய 30 ரூபா லாபத்தில் 10 ரூபா ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டே இருக்கும். மூன்று நாள் மழைக்கு மூன்று வருடம் வட்டி கட்டுவார்.

வங்கிகளிடம் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனார்கள். எழுத்தறிவு இல்லாத, அழுக்குப் படிந்த சேலையோடு, கூடவே கைக்குழந்தையோடு வரும் பெண்களை வங்கி ஊழியர்களுக்குப் பிடிக்கவில்லை. பெண்கள் போகக்கூடிய நேரத்தில் வங்கி திறந்திருக்கவும் இல்லை.

அப்படியென்றால் எங்களுக்கு நாங்களே ஒரு வங்கி வைக்கலாமே என்ற எண்ணம் சேவாவின் கூட்டத்தில் எழுந்தது. ஆளுக்குப் பத்து ரூபா. 4,000 பெண்கள் போட்டார்கள். கணக்குப் பார்த்தால் 40,000 ரூபா. 1974இல் சேவா கூட்டுறவு வங்கி பதிவானது.

அந்தப் பதிவும் இலேசாக நடக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எப்படி ஒரு வங்கியை நடத்துவார்கள் என்று அதிகாரிகள் கேட்டார்கள். பொறுப்புக்கு நின்ற பெண்கள் ஒரு இரவு முழுவதும் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள் என்பது சேவாவில் இன்றைக்கும் சொல்லப்படும் கதை. வாடிக்கையாளர் படிக்காதவர்களாக இருந்ததால், வங்கிப் புத்தகத்தில் அவர்களுடைய படத்தை ஒட்டினார்கள். படம் இருந்தால் ஆளை அடையாளம் காணலாம், கையெழுத்து பிறகு வரட்டும்.

கவனியுங்கள், அது கடன் கொடுக்கும் இடமாக மட்டும் தொடங்கவில்லை. முதலில் சேமிப்பு. கொஞ்சக் காசைக் கணவன் கையிலும் படாமல், அடுக்களை டப்பாவிலும் கிடக்காமல் தன் பெயரில் வைக்க ஒரு இடம். அடுத்த மழைக்கு முதலைத் தின்னாமல் இருக்க ஒரு வழி.

கடன் ஏன் திரும்பி வரவில்லை?

வங்கி தொடங்கிச் சில வருடங்களில் ஒரு சிக்கல். சில பெண்கள் கடனைத் திருப்பிக் கட்டவில்லை. வேறு வங்கியாக இருந்தால் கடிதம் அனுப்பியிருக்கும். சேவாவின் ஆட்கள் வீடு வீடாகப் போய் ஏன் என்று கேட்டார்கள். ஏமாற்றியவர்களை அவர்கள் அதிகம் காணவில்லை. நோயில் படுத்தவர்களைக் கண்டார்கள். பிள்ளைப்பேற்றில் இறந்துபோனவர்களைக்கூடக் கண்டார்கள்.

அதாவது, நாங்கள் 'எதிர்பாராத இடைஞ்சல்' என்று சொல்வதில் பெரும் பகுதி எதிர்பார்க்கக் கூடியதுதான். பிள்ளை பெறப்போகும் பெண்ணால் சில வாரம் சுமை தூக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வாரங்களுக்கு யார் காசு கொடுப்பது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. அதனால் சேவா மகப்பேற்று உதவியில் தொடங்கி, சுகாதார வேலை, குழந்தைக் காப்பகம் என்று விரிந்தது. 1992இல் 'விமோ சேவா' என்ற காப்புறுதித் திட்டம் வந்தது. விமோ என்றால் குஜராத்தியில் காப்புறுதி. நோய், இறப்பு, வீடு இடிந்துபோதல் எல்லாவற்றுக்கும் சிறிய தொகை கட்டிச் சேரலாம்.

இங்கே ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். பிறகு தேவைப்படும். சேமிப்பு என்பது நேற்றைய உங்கள் காசு. காப்புறுதி என்பது ஒருவருக்கு விழும் அடியைப் பலர் சேர்ந்து தாங்குவது. கடன் என்பது நாளைய உங்கள் காசை இன்றைக்கே செலவழிப்பது. மூன்றும் கையில் வரும்போது ஒரே மாதிரியான நோட்டுகள்தான். இடைஞ்சல் வந்த நாளில் மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு.

மனிதர் கொண்டுவரும் இடைஞ்சல்

மழையையும் நோயையும் காசு சேர்த்துத் தாங்கலாம். பொலிஸ்காரர் தராசைப் பறித்துக்கொண்டு போனால்?

அகமதாபாத்தின் நடுவில் மாணெக் சௌக் என்ற பழைய சந்தை இருக்கிறது. தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் கூடையை வைத்து மரக்கறி விற்ற பெண்கள் அங்கே இருந்தார்கள். அவர்களிடம் அனுமதிப் பத்திரம் இல்லை. அதனால் இன்றைக்குத் தண்டப்பணம், நாளைக்கு இலஞ்சம், நாளை மறுநாள் கூடையோடு தூக்கி எறிதல். சேவா அந்தப் பெண்களோடு தெருவில் நின்றது. 1980களில் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. தெரு வியாபாரிகளின் அந்த நீண்ட இயக்கம் நாடு முழுவதும் பரவி, 2014இல் இந்திய நாடாளுமன்றம் தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நகரம் முதலில் வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் விரட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சட்டம் எல்லா ஊரிலும் சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கையில் சான்றிதழ் உள்ள பெண்ணை விரட்டுவதும் இல்லாத பெண்ணை விரட்டுவதும் ஒன்று அல்ல.

சேவாவுக்கே ஒரு பெரிய இடைஞ்சல் வந்தது. 1981இல் மருத்துவக் கல்லூரி இடஒதுக்கீட்டை எதிர்த்து அகமதாபாத்தில் கலவரம் நடந்தது. தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். சேவாவின் உறுப்பினர்களில் பலர் தலித் பெண்கள். இலா பட் அவர்களுக்காக வெளிப்படையாகப் பேசினார். தாய்ச் சங்கமாக இருந்த துணி ஆலைத் தொழிலாளர் சங்கம் சேவாவை வெளியேற்றியது. பெரிய மரத்தின் கீழ் நின்ற சங்கம் ஒரே நாளில் வெயிலில் நின்றது. அப்போதும் அது விழாததற்குக் காரணம், அதற்கென்று சொந்த வங்கியும் சொந்த உறுப்பினரும் இருந்ததுதான்.

1985இலும் 2002இலும் அந்த நகரம் மீண்டும் எரிந்தது. ஊரடங்கு வந்தால் கடைக்காரரைத்தான் நாங்கள் நினைப்போம். வீட்டிலிருந்து பீடி சுற்றும், துணி தைக்கும் பெண்ணுக்கும் அதே அடிதான். மூலப்பொருள் உள்ளே வராது, செய்து முடித்தது வெளியே போகாது. சேவாவில் இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக இருந்தார்கள். சங்கக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அடுத்த தெருவில் அகதி முகாமில் இருக்கிறார் என்பது அவர்களுக்குச் செய்தி அல்ல, தெரிந்த ஒருவருடைய நிலை.

கூடாரத்தில் ஊசியும் நூலும்

2001 ஜனவரி 26, காலை. குஜராத்தின் கச்சுப் பகுதியை நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். எழும்பி நின்றவர்களுக்கு வீடு இல்லை.

கச்சும் அதன் பக்கத்து மாவட்டங்களும் எம்பிராய்டரி வேலைக்குப் பெயர் பெற்றவை. கண்ணாடித் துண்டு பதித்த அந்தத் துணிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முன்பு வறட்சி வந்தால், தங்கள் சீதனத்துக்கென்று தைத்த துணிகளையே பெண்கள் வியாபாரிகளுக்கு அற்ப விலைக்குக் கொடுத்தார்கள். சேவா அங்கே போன பிறகு குழுவாகச் சேர்ந்து, தைத்ததை நியாய விலைக்கு விற்கப் பழகினார்கள்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு உணவும் கூடாரமும் வந்தன. அதோடு அந்தப் பெண்கள் இன்னொன்றும் கேட்டார்கள்: வேலை. துணியும் நூலும் ஊசியும் கொடுங்கள் என்றார்கள். சேவா அவற்றைக் கூடாரங்களுக்குக் கொண்டுபோனது. வெளியில் இருந்து பார்த்தால் விசித்திரமாக இருக்கும். ஆனால் நிவாரணப் பொதி ஒரு நாள் நின்றுவிடும். தைத்த துணிக்கு வரும் காசு நிற்காது. தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம், அழலாம்.

ஏறக்குறைய இதே விஷயம் தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. எழுபதுகளில் சென்னையின் குடிசைப் பகுதிகளில் வெள்ள நிவாரண வேலைக்குப் போனவர் ஜெயா அருணாசலம், அப்போது அரசியல் கட்சியில் இருந்தவர். அந்தப் பெண்களுக்கு வேண்டியது ஒரு நாள் சாப்பாட்டுப் பொட்டலத்தைவிடத் திரும்ப வியாபாரம் தொடங்கக் கொஞ்சப் பணம் என்று கண்டார். கட்சியை விட்டு வந்து, 1978இல் 800 பெண்களோடு 'உழைக்கும் மகளிர் மன்றம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பூக்காரி, இட்லிக் கடைக்காரி, மீன் விற்பவர் என்று பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, அரசு வங்கிகளில் 4 சதவீத வட்டிக்குக் கிடைத்த கடனை எடுத்தார்கள். சில வருடங்களில் அவர்களும் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள்.

அதே கடன், வேறு கதை

இதுவரை வாசித்துவிட்டு, ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அதற்கு எதிரான பாடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

2009இல் போர் முடிந்த பின் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் பெண்கள் தனியாகக் குடும்பத்தைத் தாங்கினார்கள். கோழி வளர்த்தார்கள், பெட்டிக் கடை போட்டார்கள், இடியப்பம் அவித்து விற்றார்கள். வீதி திறந்ததும் நுண்கடன் நிறுவனங்கள் ஊருக்குள் வந்தன. சில பெண்கள் குழுவாகச் சேர வேண்டும், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், கிழமைக்குக் கிழமை வசூல். மேலோட்டமாகப் பார்த்தால் அகமதாபாத் போலவே இருக்கும். ஆனால் சேமிப்பு இல்லை. காப்புறுதி பெயருக்குத்தான். அந்த நிறுவனங்கள் அந்தப் பெண்களுடையவை அல்ல. வட்டி மிக அதிகம்.

பிறகு வறட்சி வந்தது. விளைச்சல் இல்லாத ஊரில் இடியப்பம் வாங்க யாரிடம் காசு இருக்கும்? ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. குழுவாக இருந்த அயலவர்களே ஒருவரை ஒருவர் நெருக்க வேண்டி வந்தது. 2018இல் இலங்கை அரசு வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. அதே வருடம் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஒருவரும் நுண்கடன் பெண்களை எப்படி நெருக்குகிறது என்று பேசினார். இடைஞ்சலைத் தாங்கத் தருகிறோம் என்று வந்த கடனே பெரிய இடைஞ்சலாகிவிட்டது. 'எதை வைத்து?' என்ற கேள்விக்கு 'கடனை வைத்து' என்பது மட்டுமே விடையாக இருந்தால் இதுதான் நடக்கும்.

எங்கள் பேஸ்மன்ரில்

நான் வளர்ந்தது ஸ்காபரோவில். என் அம்மா சாறி பிளவுஸ் தைப்பவர். கல்யாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம் எல்லாம் அவருக்கு வருமானம். 2020 மார்ச்சில் மண்டபங்கள் மூடின. தைத்து முடித்த பதினான்கு பிளவுஸ்கள் கம்பியில் தொங்கின. எடுக்க வரும்போதுதான் மிச்சக் காசு தருவார்கள். யாரும் வரவில்லை.

அந்த மாதம் எங்களைக் காப்பாற்றியது சீட்டு. பன்னிரண்டு பேர் மாதாமாதம் ஒரே தொகை போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பது. அந்த மாதம் எடுக்க வேண்டிய அன்ரி, "எனக்கு இப்ப அவசரமில்லை, நீங்கள் எடுங்கோ" என்று தன் முறையை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார். ஒரு கையெழுத்தும் இல்லை.

கனடா அரசின் அவசர உதவித்தொகையும் வந்தது, நான்கு கிழமைக்கு 2,000 டொலர். சுயதொழில் செய்பவர்களும் எடுக்கலாம். முந்தைய வருடத்தில் 5,000 டொலராவது உழைத்திருக்க வேண்டும் என்பது விதி. அம்மா வருமானத்தை ஒழுங்காகப் பதிந்திருந்ததால் அவருக்குக் கிடைத்தது. அதே சீட்டில் இருந்த இன்னொரு அன்ரி மதியச் சாப்பாட்டுப் பார்சல் செய்பவர். அம்மாவைவிட அதிகம் உழைப்பவர். எல்லாம் கைக்காசு. எந்தத் தாளிலும் அவருடைய உழைப்பு இல்லை. அவர் விண்ணப்பிக்கவே பயந்தார். சீட்டுக்காரர்கள் சேர்ந்துதான் அவரைத் தாங்கினார்கள்.

சேவாவின் பெண்கள் ஏன் அட்டைக்காகவும் படம் ஒட்டிய வங்கிப் புத்தகத்துக்காகவும் சான்றிதழுக்காகவும் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பது அந்த அன்ரியை நினைத்தால் எனக்கு விளங்குகிறது. நல்ல நாளில் தாள் ஒரு தொல்லை. கெட்ட நாளில், நீங்கள் உழைத்தீர்கள் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. சீட்டு நல்லது. ஆனால் சீட்டில் இருக்கும் பன்னிரண்டு பேரின் தொழிலும் ஒரே நாளில் நின்றால் சீட்டும் நின்றுவிடும். அந்த நாளுக்குத்தான் சங்கமும் காப்புறுதியும் சட்டமும் தேவை.

இன்னும் முடியாத வேலை

இலா பட் 2022 நவம்பரில் காலமானார். சேவாவில் இன்று 20 இலட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். இப்போது அவர்களுக்குப் புதிய இடைஞ்சல் வெயில். உப்பளத்திலும் தெருவிலும் வேலை செய்பவர்களுக்குக் கடும் வெப்ப நாள் என்பது உழைக்க முடியாத நாள். 2023இல் சேவா வெப்பத்துக்கான ஒரு காப்புறுதியைத் தொடங்கியது. வெப்பம் குறித்த அளவைத் தாண்டினால், யாரும் விண்ணப்பிக்காமலே பணம் கணக்குக்கு வரும். 2024 கோடையில் அதில் சேர்ந்திருந்த சுமார் 50,000 பெண்களில் பெரும்பாலானோருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. சிறிய தொகைதான். ஆனால் முதலைத் தின்னாமல் ஒரு நாள் நிழலில் இருக்கலாம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ அன்ரியிடமோ கேளுங்கள்: தொழில் நின்ற நாள் எது? அன்றைக்குக் காசு எங்கிருந்து வந்தது? யார் தந்தார்கள், திருப்பிக் கொடுக்க எவ்வளவு காலம் எடுத்தது? சொல்வதை எழுதி வையுங்கள். பழைய சீட்டுக் கொப்பி இருந்தால் குப்பையில் போக முதல் படம் எடுத்து வையுங்கள். அதில் இருக்கும் பெயர்களும் தொகைகளும் எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் தாங்கியதன் கணக்கு. வேறு எங்கும் அது எழுதப்படவில்லை.

வருமானத்தைத் தாளில் பதியாமல் உழைக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வருட வரிப் படிவத்தை நிரப்ப அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எங்களுக்கு ஆங்கிலமும் கணினியும் தெரியும். அவர்களுக்கு உழைக்கத் தெரியும். அடுத்த இடைஞ்சல் வர முன்னர் இந்த இரண்டும் ஒரே மேசையில் இருந்தால் நல்லது.